விளையாட்டுப் பெட்டியும் வெறும் மடியும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வகுப்பில் ஒரு தோழர் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். டி.வி.யோடு இணைத்து விளையாடுகிறார்களே, அந்த வீடியோ கேம் பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். “நூல் நூற்பவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் அதில் என்ன ஜோலி?” என்று கேட்பீர்கள். ஜோலி இருக்கிறது. அரிசி வாங்காமல் யாரும் இருக்க முடியாது. விளையாட்டுப் பெட்டி வாங்காமல் இருக்க முடியும். ஆகவே ஒரு நாட்டில் ஜனங்களின் மடி காலியாகும்போது, அதை இந்தப் பெட்டியின் விற்பனை காட்டிக்கொடுத்துவிடும்.

கதை நடந்த இடம் அமெரிக்கா. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய பாங்கி திவாலாயிற்று. வீட்டுக் கடனை வைத்து நடந்த சூதாட்டம் வெடித்தது. 2008 ஜனவரியில் வேலை இல்லாதவர்கள் நூற்றுக்கு 5 பேர். 2009 அக்டோபரில் நூற்றுக்கு 10 பேர்.

அந்த நேரத்தில் இந்தத் தொழிலைச் சேர்ந்த பலர் என்ன சொன்னார்கள் தெரியுமா? “எங்கள் வியாபாரத்துக்கு மந்தம் என்பதே கிடையாது” என்றார்கள். காரணமும் சொன்னார்கள். கஷ்ட காலத்தில் ஜனங்கள் ஓட்டலுக்கும் உல்லாசப் பயணத்துக்கும் போகமாட்டார்கள், வீட்டிலேயே இருப்பார்கள், ஒருமுறை பெட்டி வாங்கினால் பல வருஷம் பொழுது போகும் என்றார்கள்.

முதலில் கணக்கும் அவர்கள் பக்கமே நின்றது. 2008-ல் அமெரிக்காவில் பெட்டியும் விளையாட்டுகளும் சேர்த்துச் சுமார் 2,140 கோடி டாலருக்கு விற்றன. அதுவரை காணாத விற்பனை! ஆனால் 2009-ல் அது 1,966 கோடியாக இறங்கிற்று. நூற்றுக்கு 8 பங்கு வீழ்ச்சி. நின்டென்டோ கம்பெனியின் ‘வீ’ என்ற பெட்டி, 2009 மார்ச்சில் முடிந்த ஆண்டில் உலகெங்கும் சுமார் 2 கோடி 59 லட்சம் விற்றது. அடுத்த ஆண்டில் 2 கோடி 5 லட்சம்தான்.

நெருக்கடி ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. பெட்டி பழசாகிக்கொண்டிருந்தது, பொம்மை கிட்டார் வைத்து ஆடும் விளையாட்டின் மோகமும் தணிந்துவிட்டது. இருந்தாலும் பெரிய அடி மடியில்தான் விழுந்தது. வேலை போன அன்றே யாரும் செலவை நிறுத்திவிடுவதில்லை. கொஞ்சம் சேமிப்பு இருக்கும், கடன் கிடைக்கும். அது தீர்ந்த பிறகுதான் கை நிற்கும். வேலையில் இருப்பவனும், நாளை தன் சீட்டு கிழியுமோ என்று செலவை இறுக்குவான். அதனால்தான் வீழ்ச்சி ஒரு வருஷம் பிந்தி வந்தது.

ஜனங்களுக்கு ஆசை போய்விட்டதா? இல்லை. அதற்குச் சாட்சி இருக்கிறது. 2009 ஆகஸ்டில் சோனி கம்பெனி தன் பிளேஸ்டேஷன் 3 பெட்டியின் விலையை 400 டாலரிலிருந்து 300 டாலராக்கியது. அடுத்த மாதமே அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற பெட்டி அதுதான். எக்ஸ்பாக்ஸ் விலையும் இறங்கிற்று. ‘வீ’யும் 250-லிருந்து 200-க்கு வந்தது. ஆசை அப்படியே இருந்தது, காசுதான் இல்லை.

விலையைக் குறைத்தால் கம்பெனிக்கு நஷ்டமில்லையா? அடுப்பை மலிவாகக் கொடுத்து எண்ணெயில் சம்பாதிக்கிற கணக்கு இது. பெட்டியில் போனதை, பின்னால் விற்கும் விளையாட்டுகளில் எடுத்துவிடலாம். ஆனால் பெட்டியே விற்காவிட்டால் விளையாட்டும் விற்காது.

இனி, சுமை யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். 2008 டிசம்பரில் சோனி தன் மின்னணுப் பிரிவில் 16,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் பாதிப் பேர் தற்காலிகத் தொழிலாளர்கள். 2009 ஜனவரியில் மைக்ரோசாப்ட் 5,000 பேர் வரை குறைப்பதாகச் சொன்னது. விளையாட்டுகளைத் தயாரிக்கும் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதே ஆண்டு நவம்பரில் 1,500 பேர் என்றது. ஒவ்வொரு முதலாளியும் தன் ஆளை வெளியே அனுப்பினால் செலவு மிச்சம் என்று நினைக்கிறான். ஆனால் இவன் அனுப்பிய ஆள், இன்னொருவன் கடைக்கு வரவேண்டிய வாடிக்கையாளன் அல்லவா?

2025-ல் கதை வேறு விதமாகத் திரும்பிற்று. சாதாரணமாகப் பெட்டி பழசாக ஆக விலை இறங்கும். அந்த ஆண்டோ, அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்திய பிறகு விலை ஏறிற்று. 500 டாலர் எக்ஸ்பாக்ஸ், மே மாதம் 600, அக்டோபரில் 650. பிளேஸ்டேஷன் 5, ஆகஸ்டில் 500-லிருந்து 550. கூலி அதே வேகத்தில் ஏறாத குடும்பம் என்ன செய்யும்? வாங்குவதைத் தள்ளிப்போடும்.

ஆலையில் நூல் மூட்டை தேங்கினால், “ஜனங்களுக்குத் துணி போதும் போலிருக்கிறது” என்று நாம் சொல்வதில்லை. வாங்கும் சக்தி எங்கே போயிற்று என்று கேட்கிறோம். விளையாட்டுப் பெட்டிக்கும் அதே கேள்விதான். ஆகவே “இந்தத் தொழிலுக்கு மந்தமே வராது” என்று யாராவது சொன்னால், அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: உங்கள் சரக்கை வாங்குகிறவர் யார்? அவருடைய கூலி என்ன?