தன்விவரக் குறிப்பும் வாய்மையும்



சிறுசேரித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் நிறுவனங்களுக்கு நம் பிள்ளைகளும் தன்விவரக் குறிப்பு அனுப்புகின்றனர். குவிந்து கிடக்கும் குறிப்புகளைப் பார்ப்போர் ஒவ்வொன்றிற்கும் தரும் நேரம் மிகச் சிறிது. அச்சிறு பொழுதில் அவர் கருத்தைக் கவர்வது எது?

1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்திற்கு எழுத்தர் பணி வேண்டி ஓர் இளைஞர் விண்ணப்பித்தார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை பயின்று மேலே தொடர இயலாமற் போனதையும் அதில் மறையாது எழுதினார். தம் காலம் முழுதும் கணித ஆய்வில் செல்வதைக் குறித்து, மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையையும் இணைத்தார். மார்ச் 1 முதல் அங்கே பணியாற்றலானார். அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு விடுத்த மடலிலும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கில்லை என்று கூறிவிட்டுத் தாம் கண்ட தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்தார். அவரே கணிதமேதை சீனிவாச இராமானுசன்.

குறையை ஒளியாமை, திறனுக்குச் சான்று தருதல் ஆகிய இரண்டுமே இன்றைக்கும் வழி. ‘கடும் உழைப்பாளி’ என்று எவரும் எழுதலாம். செய்த புராஜெக்ட், அதில் தம் பங்கு, விளைந்த பயன் ஆகியன அவரவர்க்கே உரியவை. அந்தந்த வேலை வேண்டும் திறன்களோடு அவை முதற்பக்கத்தின் மேற்பகுதியில் நிற்கட்டும். இல்லாத அனுபவத்தை எழுதினால், பின்னர் நிகழும் சரிபார்ப்பில் கிடைத்த வேலையும் போகும், நற்பெயரும் போகும்.

வாய்மையை அணுவிரதமாகப் போற்றும் இல்லங்களில் பிறந்தோர் அத்தாளிலும் அதனைக் காப்பாராக!