ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓர் ஒப்பந்தம்



திருப்பதியில் உட்கார்ந்து ஆம்புலன்ஸ் ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும் எவரும் 2022 ஏப்ரல் 25-ஆம் தேதி இரவைத் தாண்டிப் போக முடியாது. ரூயா அரசு மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்த ஒரு சிறுவன் அன்றிரவு இறந்தான். அப்பா சிட்வேல் பக்கம் மாந்தோப்பில் கூலி வேலை செய்பவர். ஊர் சுமார் 90 கிலோமீட்டர். வாசலில் நின்ற தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் 10,000 ரூபாய்க்குக் குறையாமல் கேட்டார்கள். உறவினர்கள் வெளியிலிருந்து ஏற்பாடு செய்து அனுப்பிய வண்டியையும் விடவில்லை. கடைசியில் அந்தத் தகப்பன் தன் பிள்ளையின் உடலை மோட்டார் சைக்கிளிலேயே ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தார். சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாகி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

பிறகு விசாரணை நடந்தது, அதிகாரிகள் மீது நடவடிக்கை வந்தது, டிரைவர்கள் கைதானார்கள். வேண்டியதுதான். ஆனால் நிர்வாகவியல் படித்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதற்கு முன்னால் இருக்கிறது. அந்த வாசலை அவர்கள் கையில் கொடுத்தது யார்? எந்த டெண்டரும் கொடுக்கவில்லை, எந்தக் கோப்பிலும் கையெழுத்து இல்லை. அரசு எழுத வேண்டிய ஒப்பந்தத்தை எழுதாமல் விட்டது. வாசலில் நின்ற ஆம்புலன்ஸ் ஸ்டாண்டுக்காரர்கள் தங்களுக்குள் ஒன்றை எழுதிக்கொண்டார்கள். ரேட் அவர்களுடையது, முறை அவர்களுடையது, வெளிவண்டியைத் தடுக்கும் தண்டனையும் அவர்களுடையது.

இதே ஆந்திரம் ஒன்றுபட்டிருந்த காலத்தில்தான் நாட்டுக்கே முன்மாதிரியான ஓர் ஒப்பந்தம் பிறந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2005 ஆகஸ்டு 15 அன்று ஐதராபாத்தில் 108 அவசர ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதை உருவாக்கிய ராமலிங்க ராஜுவின் சத்யம் நிறுவனம் 2009-இல் ஊழலில் சரிந்தபோது 108 சரியவில்லை. ஜி.வி.கே. ஏற்றது, பிறகு பி.வி.ஜி. வந்தது, 2020-இல் அரபிந்தோ வந்தது. நடத்துபவர் மாறினாலும் எண் மாறவில்லை. மக்களுக்குத் தெரிந்த எண் ஒப்பந்தக்காரரின் சொத்தாக இல்லாததே அந்த ஏற்பாட்டின் பலம் என்று நான் கருதுகிறேன். 2020 ஜூலை 1 அன்று விஜயவாடா பென்ஸ் சர்க்கிளில் 108 சேவைக்கும் 104 நடமாடும் மருத்துவ சேவைக்குமாக 1,088 வண்டிகள் வரிசையாகப் புறப்பட்ட காட்சி பலருக்கு நினைவிருக்கும். நகரத்தில் 15 நிமிடம், கிராமத்தில் 20 நிமிடம் என்று வந்துசேரும் நேரமும் வகுக்கப்பட்டது.

ஆனால் அந்த நிமிடக் கணக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வரும் வழிக்கு மட்டும்தான். திரும்பும் வழிக்கு யாரும் கடிகாரம் வைக்கவில்லை. பிரசவமான தாயையும் சேயையும் வீட்டில் விட தல்லி பிட்ட எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கால் எடுத்த முதியவரையோ வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வருபவரையோ வீட்டில் விட 108 வராது. உயிர் போய்விட்டால் அது எவருக்குமே வராது. அதற்கென்று மகாபிரஸ்தானம் என்ற இலவச வண்டி உண்டு; அது அப்போது இரவில் ஓடவில்லை என்று அந்த ஏப்ரல் இரவுக்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. சாவு பகலில் மட்டும் வரும் என்று எண்ணி எழுதிய ஏற்பாடு அது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தையை இந்த வட்டாரத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து வேலூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரவு ஒரு மணி. வாசலில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனாவது மாடி?" நோய் என்ன என்று கேட்கவேயில்லை. மாடிக்கு ஒரு ரேட், ஆக்சிஜனுக்குத் தனி ரேட். பாதி வழியில் சிலிண்டரைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது. அத்தையின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. "மீட்டர்தான் ரிப்பேர் சார், கேஸ் இருக்கு" என்றார் டிரைவர். அத்தை பிழைத்தார். இறங்கியதும் ரசீது கேட்டேன். அந்த வண்டியில் ரசீதுப் புத்தகம் என்று ஒன்றே கிடையாது.

அந்த டிரைவரைப் பற்றியும் நான் யோசித்ததுண்டு. வண்டிக்கு மாதத் தவணை, ஸ்டாண்டில் நிற்கப் பங்கு, தகவல் சொல்பவருக்குக் கமிஷன், எத்தனையோ மணி நேரம் சும்மா காத்திருந்த பிறகு ஒரே ஒரு சவாரி. காத்திருப்புக்கு யாரும் பணம் தராததால் அத்தனையையும் அந்த ஒரே குடும்பத்திடம் வாங்குகிறார். இந்தக் கணக்கை மாற்றாமல் ரேட் போர்டு மட்டும் மாட்டினால் அது சுவரோடு நின்றுவிடும்.

நோயாளிகளின் வண்டி ஏற்பாடு இப்படித் தவறுவது ஏழை நாட்டுக் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் சசெக்ஸில் அவசரமில்லாத நோயாளிகளை ஏற்றி இறக்கும் வேலை 2016 ஏப்ரலில் கோப்பர்ஃபார்மா என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. வண்டிகளுக்குத் துணை ஒப்பந்தக்காரர்களை நம்பிய நிறுவனம் அது. தொடங்கிய முதல் வாரங்களிலேயே டயாலிசிஸ், கீமோதெரபி நோயாளிகள் வண்டி வராமல் காத்துக் கிடந்தார்கள். துணை ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் வரவில்லை. ஏறத்தாழ ஓராண்டில் அந்த வேலை பொதுத்துறை ஆம்புலன்ஸ் அமைப்பிடம் போய்ச் சேர்ந்தது. காகிதத்தில் ஒப்பந்தம் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி. வண்டி யாருடையது, டிரைவருக்குச் சம்பளம் எந்தத் தேதியில், தவறினால் அடுத்த வண்டியை அனுப்புபவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நம் வாசல்களுக்கு என்ன எழுதலாம்? மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மருத்துவமனை வளர்ச்சிக் குழுவும் மாநகராட்சியும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது என் கருத்து. வாசல் மருத்துவமனையுடையது, அதற்கு வெளியே இருக்கும் சாலை மாநகராட்சியுடையது; ஸ்டாண்டு வளர்வது இரண்டுக்கும் நடுவில். இரவு முழுவதும் வண்டிகள் சும்மா நின்றாலும் அந்தக் காத்திருப்புக்குக் கூலி உண்டு என்பது முதல் பிரிவாக இருக்கட்டும். பணத்தை நோயாளியின் குடும்பத்திடமிருந்து டிரைவர் வாங்கக் கூடாது, குடும்பத்தினர் அதைக் கவுன்ட்டரில் கட்டி அச்சடித்த ரசீது பெற வேண்டும். குடும்பமே கொண்டுவரும் வண்டியை எவரும் தடுக்க முடியாது என்பதை அபராதத்தோடு எழுத வேண்டும். ஏ.ஐ.எஸ்.-125 தரக் குறியீடு நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியையும் உயிர்காக்கும் கருவிகளுள்ள வண்டியையும் தனித்தனி வகையாகவே பிரித்திருக்கிறது. டெண்டர் அந்த வகைப்படி அமைந்தால், மாருதி ஆம்னிக்கு மேலே சிவப்பு விளக்கு வைத்துவிட்டு ஆக்சிஜன் ரேட் கேட்பது நிற்கும். வேலூர் இங்கிருந்து போகிறவர்களுக்கு வேறு மாநிலம். எல்லை தாண்டும் பயணத்துக்கு ஒப்பந்தத்தில் தனிப் பிரிவே வேண்டும்.

சட்டத்தின் துணையும் நமக்கு உண்டு. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் உரிய நேரத்தில் சிகிச்சை தராதது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இந்த இரண்டு நாள் கருத்தரங்கில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை 108-ஐப் பற்றியவை என்று நிகழ்ச்சி நிரலில் பார்த்தேன். அவை வேண்டியவையே. ஆனால் நாளை மாலை பரிந்துரைகளை எழுத உட்காரும்போது, இரவில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் வண்டிக்கான பிரிவை முதலில் எழுதுங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளைச் சித்தூர், திருப்பதி இரு மாவட்ட ஆட்சியர்களிடமும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.