காய்கறி வாங்கப் போன தோமா

(வானொலி மறையுரை: இறை இரக்க ஞாயிறு, 19 ஏப்ரல் 2020. நற்செய்தி: யோவான் 20:19-31)



ஊரடங்கு தொடங்கி இன்று 26-ஆம் நாள். தவக்காலத்து நாற்பது நாளில் மனம் திரும்பாத நம் ஆண்கள் பலர், இந்த 26 நாளில் திரும்பியிருக்கிறார்கள், சமையலறைப் பக்கம்! நம் பங்கு அன்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: "ஃபாதர், இருபது வருஷமா இந்த வீட்டுல இருக்கேன். இது இவ்வளவு பெரிய வீடுன்னு துடைப்பத்தைக் கையில எடுத்தப்புறம்தான் தெரியுது." இன்னொருவர் கொத்தமல்லி வாங்கப் போய்ப் புதினாவோடு வந்திருக்கிறார். மாற்றி வாங்கலாம் என்றால், மதியம் ஒரு மணிக்குக் கடை அடைத்துவிடுகிறார்கள். மூன்று நாளாக அந்த வீட்டில் புதினாத் துவையல்தானாம்.

திருப்பலியும் கைப்பேசிக்குள் போய்விட்டது. கடந்த ஞாயிறு ஒரு பாட்டி, காணிக்கை நேரத்தில் கைப்பேசிக்கு முன்னால் பத்து ரூபாயைப் பக்தியோடு வைத்தாராம். கண் திறந்து பார்த்தால் காணிக்கையும் இல்லை, பக்கத்தில் இருந்த பேரனும் இல்லை! ஓர் இளைஞர் என்னிடமே சொன்னார்: "இது ரொம்ப வசதி ஃபாதர். உங்க பிரசங்கத்தை நடுவுல நிறுத்திட்டு, டீ போட்டுக்கிட்டு வந்து மறுபடி கேட்கலாம்." மறுபடி கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

இன்றைய நற்செய்தியிலும் ஓர் ஊரடங்குதான். அச்சத்தால் கதவுகளை மூடிக்கொண்டு சீடர்கள் உள்ளே இருக்கிறார்கள். உயிர்த்த ஆண்டவர் பூட்டிய கதவைப் பொருட்படுத்தாமல் அவர்கள் நடுவே வந்து நிற்கிறார். ஆனால், தோமா மட்டும் அங்கே இல்லை. எங்கே போனார்? நற்செய்தியாளர் சொல்லவில்லை. இத்தனை நாள் வீட்டில் அடைந்து கிடந்த அனுபவத்தில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பத்துப் பேர் உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், யாராவது ஒருவர் காய்கறி வாங்கப் போகத்தானே வேண்டும்? இது என் கற்பனைதான். விவிலியப் பேராசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

சிரிக்கலாம். ஆனால், இந்தக் கற்பனை இந்த வாரம் என்னையே குத்திவிட்டது.

எங்கள் பங்கு இல்லத்தில் சமைத்து, பெருக்கித் துடைக்க ஓர் அம்மா வருவார். மார்ச் 24-ஆம் தேதி, "நாளையிலிருந்து வர வேண்டாம்மா, எல்லாம் சரியானதும் சொல்லி அனுப்புறேன்" என்று அனுப்பிவிட்டேன். அதன் பிறகு நானும் உதவிப் பங்குத்தந்தையும்தான் சமையல். உயிர்ப்பு ஞாயிறன்று நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "ஃபாதர், தவக்காலம் முடிஞ்சிருச்சே!"

கடந்த வியாழன் காலை வெளிவாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அந்த அம்மா, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்கிறார். "வீட்டு மரத்துல பறிச்சது ஃபாதர். நீங்க என்ன சாப்பிடுறீங்களோன்னு நினைச்சேன்" என்று சொல்லி, ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கதவோரம் வைத்தார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது: மார்ச் மாதச் சம்பளத்தை நான் அவருக்குக் கொடுக்கவே இல்லை. ஏப்ரலும் பாதி போய்விட்டது. அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயில் அந்தக் குடும்பம் ஓடியிருக்கிறது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

கதவுக்குள் நான் பத்திரமாக இருந்து, ஒவ்வொரு நாளும் கைப்பேசியைப் பார்த்து, "உங்களுக்கு அமைதி உரித்தாகுக" என்று வாழ்த்திக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே என் தோமா ஒருவர் இருந்ததை மறந்துவிட்டேன்.

ஆண்டவர் மறக்கவில்லை. பத்துப் பேர் பார்த்துவிட்டார்களே, போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. எட்டு நாள் கழித்து, விடுபட்ட அந்த ஒருவருக்காக அதே வீட்டுக்கு மறுபடியும் வந்தார். அப்படித் தேடிவரப்பட்ட தோமாதான் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்து, நம் பரங்கிமலையில் இரத்தம் சிந்தினார் என்பது நமது மரபு.

அந்த அம்மாவுக்கு அன்றே இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். அதைத் தர்மம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு மாதம் உழைத்த கூலி. மறுமாதம், வர வேண்டாம் என்று நான் சொன்னதற்கான கடன்.

அன்புக்குரியவர்களே, கதவைத் திறந்து வெளியே போகும்படி நான் சொல்லவில்லை. காவல்துறை நண்பர்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம்! கைப்பேசியை எடுக்கத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர், துணி தேய்த்துக் கொடுத்தவர், பிள்ளையை ஆட்டோவில் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர், இவர்களில் ஒருவரை இன்று மதிய உணவுக்கு முன் அழையுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். கொடுக்க வேண்டிய பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

அந்த முருங்கைக்கீரையை அன்று நானே ஆய்ந்து பொரியல் செய்தேன். கொஞ்சம் கசந்தது. ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

இரக்கத்தின் ஆண்டவர் உங்களையும் உங்கள் இல்லத்தாரையும், உங்கள் கதவுக்கு வெளியே இருப்பவர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.