விமானத்தை வகுப்போர்

விமானத்தை ஓட்டுவோரை உலகம் அறியும். அதனை வகுத்தமைப்போரை அறிந்தவர் சிலரே. விமானப் பொறியியலார் எனப்படும் அவர்களுடைய தொழில் யாது, அதற்கு வேண்டும் தகுதி யாது என்பதை இன்று சிந்திப்போம்.

ஒரு விமானத்தை ஒருவரே ஆக்குவதில்லை. காற்றின் ஓட்டத்தை ஆராய்ந்து இறக்கையின் வடிவை வகுப்போர் ஒரு சாரார். உடலின் வலிமையைக் கணக்கிடுவோர் மற்றொரு சாரார். எஞ்சினை அமைப்போரும், பறக்கவிட்டுச் சோதிப்போரும், பழுது பார்ப்போரும் வேறாக உளர். இவர்களுள் ஒருவர் கவனிக்கத் தவறியது பல உயிர்களைக் கொள்ளை கொள்ளலாம்.

இதற்கு ஒரு சான்று கூறுவேன். பிரிட்டனில் உருவான காமெட் என்னும் விமானம், 1952 மே 2-ஆம் நாள் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் நோக்கிப் பயணிகளுடன் கிளம்பிற்று. ஜெட் விமானப் பயணிகள் சேவை அன்றுதான் பிறந்தது. ஆனால், 1954 ஜனவரியில் ஒரு காமெட் எல்பா தீவருகே கடலில் சிதறி வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். காரணம் புலப்படாமலே, சில திருத்தங்களுடன் சேவை மீண்டும் தொடங்கியது. ஏப்ரலில் மற்றொரு காமெட் இத்தாலிக் கடலில் வீழ்ந்தது. 21 பேர் மாண்டனர்.

பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தார், அர்னால்டு ஹால் என்பவர் தலைமையில் காரணத்தைத் தேடினர். உயரத்தில் காற்று மெலிந்திருத்தலால், விமானத்தினுள் காற்றழுத்தத்தை மிகுத்து வைப்பர். எனவே ஒவ்வொரு பயணத்திலும் அதன் உடல் சிறிதே விரிந்து சுருங்கும். கம்பியைப் பன்முறை வளைத்தால் ஒடிகிறதன்றோ? உலோகமும் அவ்வாறே களைப்புறுகிறது. அவர்கள் ஒரு முழு விமானத்தின் உடலைப் பெருந்தொட்டியில் இறக்கி, உள்ளும் புறமும் நீர் நிரப்பி, உள்ளழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். காற்றால் சோதித்திருப்பின், உடல் வெடிகுண்டுபோல் வெடித்துத் தடயமெல்லாம் அழிந்திருக்கும். நீரோ எளிதில் அழுந்தாதது. ஆதலின் விரிசல் உண்டான இடம் அழியாது தங்கும். முன்னர்ப் பறந்தவற்றையும் சேர்த்து, ஏறத்தாழ 3,000 பயணங்களுக்கு ஈடான அழுத்தத்தில் சாளர மூலையொன்றிலிருந்து உடல் கிழிந்தது. கடலடியிலிருந்து எடுத்த சிதைவுகளும் கூரையிலிருந்த ஒரு திறப்பின் மூலையையே சுட்டின. விமான உடலை முழுமையாகப் பல்லாயிரம் முறை அழுத்திச் சோதிப்பது இன்று உலக வழக்கம்.

இத்துறையில் புக விரும்புவோர் கணிதத்தையும் பௌதிகத்தையும் பழுதறக் கற்றல் வேண்டும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1942-இலும், சென்னைக் குரோம்பேட்டையில் 1949-இல் நிறுவப்பெற்ற தொழில்நுட்பக் கழகத்திலும் இக்கல்வி தொடங்கியது. அப்துல் கலாம் பயின்றது குரோம்பேட்டையில்தான். இந்துஸ்தான் தொழிற்சாலையில், காட்கே என்னும் அறிஞர் தலைமையில் வகுக்கப்பெற்ற எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951-இல் வானேறியது. இன்று விமானத் தொழிற்சாலைகளிலும், ஆராய்ச்சிக் கூடங்களிலும், விமானப் போக்குவரத்து நிறுவனங்களின் பராமரிப்புப் பணிமனைகளிலும் வேலைகள் உள்ளன. பழுது பார்த்த விமானம் பறக்கத் தக்கது எனச் சான்றளிக்க அரசின் உரிமம் வேண்டும்.

மாணவர்களே, இத்தொழிலுக்குத் துணிவு மட்டும் போதாது; தன் கணக்கையே ஐயுற்று மீண்டும் சோதிக்கும் அடக்கமும் வேண்டும். முகமறியாத பயணிகள் கவலையின்றிக் கண்ணயர்வது அந்த அடக்கத்தை நம்பியே. அந்நம்பிக்கைக்குத் தகுதி பெற விரும்புவோர், இன்றைய வீட்டுக்கணக்கின் விடையை இருமுறை சரிபார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.