மஞ்சட்பையும் மாந்தர் மனமும்

(காமயகவுண்டன்பட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத அன்றாடப் பொருள்களை மக்கள் எதனால் வாங்குகின்றனர், எதனால் வாங்க மறுக்கின்றனர் என்பது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். உலகத்தைக் காப்பதற்காகவே வாங்குகின்றனர் என்று சொல்லிவிட்டு நான் அமர்ந்துவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நம் வீட்டு அடுக்களையும் கடைத்தெருவும் அவ்வாறு கூறவில்லை.

முல்லைப்பெரியாற்று நீருண்டு வளரும் இப் பள்ளத்தாக்கு வாழையையே பாருங்கள். எந்த அரசும் ஆணையிடாமல், எந்த இயக்கமும் வற்புறுத்தாமல், திருமணப் பந்தியில் வாழையிலை இன்றளவும் நிற்கின்றது. ஏன்? இலை போடாத பந்தி உறவினர் முன் குறைவெனக் கருதப்படுவதால். சுடுசோறு இலையில் விழும்போது எழும் மணத்தால். சூழலைப் பற்றி அங்கே ஒருவரும் நினைப்பதில்லை. அதே மாந்தர் மறுநாள் வாழைத்தோட்டத்துக்கு எதிரேயுள்ள சிற்றுண்டிக் கடையில், நெகிழி பூசிய தாளிலையில் யாதொரு கூச்சமுமின்றி உண்கின்றனர். அங்கே பார்க்கும் உறவினர் இல்லை.

துணிப்பையின் கதையும் இத்தகையதே. மஞ்சள் என்னும் நிலைமொழியோடு பை சேர்ந்தால் மஞ்சட்பை என்றாகும். மக்கள் நாவில் அது மஞ்சப்பை. நம் தந்தையர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே சந்தைக்குச் சென்றனர். பின்னர் திரைப்படமும் நகரத்து நகையாடலும் அதை நாட்டுப்புறத்தானின் அடையாளமாக்கின. அவ் விகழ்ச்சிக்கு அஞ்சியே இளைஞர் அதைக் கைவிட்டனர். நெகிழிப்பை வலிமையுடையது என்பதனாலன்று. தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பதினான்கு வகையைத் தடை செய்தது. தடைக்குப் பின்னும் பைகள் கடையின் பின்புறத்திலிருந்து வந்துகொண்டுதானிருந்தன. 2021 திசம்பர் 23-இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டு கோயம்பேட்டுச் சந்தையில், பத்து உருவா இட்டால் பை தரும் பொறியும் வைக்கப்பெற்றது. அவ் வியக்கத்தில் நான் மதிப்பது பெயரை. இகழ்ச்சிச் சொல்லையே கொடியாக உயர்த்தியது நல்ல உளநூலறிவு. (புணர்ச்சி இலக்கணத்தை விட்டுக்கொடுத்ததை மன்னித்துவிட்டேன்.)

பிறர் செய்வதைப் பார்த்தே மாந்தர் செய்கின்றனர் என்பதற்கு அயல்நாட்டுச் சான்றும் உண்டு. சியால்தினி முதலிய ஆய்வாளர் மூவர் அமெரிக்க விடுதியில் நடத்திய ஆய்வொன்றை 2008-இல் வெளியிட்டனர். துவாலையை மறுமுறையும் பயன்படுத்தி இயற்கையைக் காப்பீர் என்று எழுதிவைத்த அறைகளைவிட, இவ்வறையில் தங்கியோருள் மிகப் பலர் அவ்வாறே செய்தனர் என்று எழுதிவைத்த அறைகளில் மிகுதியானோர் அதனைப் பின்பற்றினர்.

அரசு முத்திரையிட்டால் போதுமென்பாருக்கு ஒன்று கூறுவேன். இந்திய நடுவணரசு 1991-இல் வழலை, தாள், வண்ணப்பூச்சு முதலியவற்றுக்குச் சூழற்குறி ஒன்றை வகுத்தது. அதன் வடிவம் மட்பானை! நம் குயவர் கைப்பொருளே அடையாளமாயிருந்தும், அதை அறிந்த இல்லத்தரசி ஒருவரையேனும் நான் கண்டதில்லை. செய்வோரும் நாடவில்லை, வாங்குவோரும் கேட்கவில்லை. 2024-இல் புதிய ஒழுங்குமுறைகள் கொண்டு அதை மாற்றியமைத்தனர். இன்றும் அத்தகைய பொருள்களின் உறைகளைப் பாருங்கள்: பெருமையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளது. படிக்க முடியாத உறுதிமொழியை நம்பி நம் தாய் எப்படிக் கூடுதல் விலை கொடுப்பாள்?

விலையைச் சொன்னேன், உழைப்பையும் சொல்ல வேண்டும். சீயக்காயும் பூவந்திக்கொட்டையும் மறைந்ததற்குப் பெண்கள் மேல் பழி போடும் பேச்சாளர் பலர். உலர்த்தி, இடித்து, சலித்தவை யார் கைகள்? பேசுகின்ற ஆடவர் கைகள் அல்ல. அவ் வுழைப்பைப் பகிர்ந்துகொள்ளாமல் பழமையைப் போற்றுவது அறமன்று. ஊரிலேயே அரைத்து, அளந்து, வாடிக்கையாளர் கொணரும் ஏனத்தில் விற்கும் கடை ஒன்றிருந்தால் சீயக்காய் தானே திரும்பும்.

மதுக்கடை பற்றி நம் கருத்து நீங்கள் அறிந்ததே. எனினும் உயர்நீதி மன்றத்தின் வற்புறுத்தலால் 2022-இல் நீலமலையில் நடந்ததைக் கூறாமலிருக்க முடியவில்லை. புட்டிக்குப் பத்து உருவா மிகுதியாகப் பெற்று, வெறும்புட்டியைத் திருப்பித் தந்தால் அத்தொகையை மீளக் கொடுத்தனர். காட்டில் உடைத்தெறியப்பட்டு யானைக்காலைக் கிழித்த புட்டிகளுள் பெரும்பகுதி கடைக்கே திரும்பியது. குடித்தவர்க்கு யானை மேல் திடீரென்று அன்பு பிறந்துவிடவில்லை. பத்து உருவா நினைவிருந்தது.

இங்கே மளிகைக் கடையினர் சிலர் அமர்ந்துள்ளீர்கள். எண்ணெய்க்கு ஏனமும், பருப்புக்குப் பையும் கொண்டுவருவோர்க்கு ஓர் உருவா குறைத்துக்கொள்ளுங்கள். அதனைத் தமிழில் எழுதித் தராசின் பக்கத்தில், வரிசையில் நிற்பவர் அனைவரும் காணுமாறு தொங்கவிடுங்கள். பை மறந்து வருவோர்க்குக் கடைப்பையை இருபது உருவா ஈட்டுக்குக் கொடுத்து, திரும்பக் கொணரும்போது அத்தொகையைக் கொடுத்துவிடுங்கள். மூன்று திங்கள் செய்து பார்த்து, எத்தனை பைகள் திரும்பின என்ற கணக்கை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.