கைக்குழந்தையின் காதும் நமது தாலாட்டும்
(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"கைக்குழந்தைக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்? ஆட்டினா தூங்கும், அவ்வளவுதான்" என்று லயங்களில் சொல்லுவார்கள். அது சரியல்ல. வயிற்றில் இருக்கும்போதே, கடைசி மாதங்களில், பிள்ளை தாயின் குரலைக் கேட்கிறது. பிறந்து இரண்டு மூன்று நாளிலேயே மற்றப் பெண்களின் குரலைவிட அம்மாவின் குரலையே விரும்புகிறது என்று 1980இல் அமெரிக்காவில் சோதித்துக் கண்டார்கள்.

கனடாவில் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் சாண்ட்ரா ட்ரெஹப் என்ற அம்மையார் இதைப் பல வருடம் ஆராய்ந்தார். பேசத் தெரியாத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? ஒரு மெட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். மெட்டு மாறியதும் பிள்ளை தலையைத் திருப்பினால், அங்கே ஒரு பொம்மைக்கு வெளிச்சம் வந்து ஆடும். பிள்ளை சீக்கிரம் பழகிக்கொள்ளும். அதே மெட்டை உயர்ந்த சுருதியில் போட்டாலும் தாழ்ந்த சுருதியில் போட்டாலும் பிள்ளைக்கு அது ஒரே பாட்டு. ஏற்ற இறக்கம் மாறினால்தான் வேறு பாட்டு. அம்மா பாடின தாலாட்டைத் தாத்தா கட்டைக் குரலில் பாடினாலும் பிள்ளைக்கு விளங்கும் போலிருக்கிறது!

தாளமும் அப்படியே. 2005இல் அதே கனடாவில் 7 மாதப் பிள்ளைகளுக்கு அழுத்தமில்லாத ஒரு தாளத்தைப் போட்டு, சிலரை இரண்டு தட்டுக்கு ஒருதரமும் சிலரை மூன்று தட்டுக்கு ஒருதரமும் தூக்கி ஆட்டினார்கள். பிறகு, தன்னை ஆட்டிய விதமான தாளத்தையே ஒவ்வொரு பிள்ளையும் கூடுதல் நேரம் கேட்டது. சும்மா பார்த்திருந்த பிள்ளைகளுக்கு அது வரவில்லை. நமது பாட்டிமார் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடுவது வீண் வேலையல்ல.

இன்னொன்று. 6 மாதப் பிள்ளை எந்த நாட்டுத் தாளத்தையும் பிரித்தறியும். ஒரு வயதாகும்போது வீட்டில் கேட்டுப் பழகிய தாளத்தில்தான் காது கூர்மையாக இருக்கும். தப்பும் உடுக்கும் கேட்டு வளரும் நமது பிள்ளைக்கு அது பதிவது அப்போதுதான்.

ரேடியோவை உச்சத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பது இதில் சேராது. முகத்தைப் பார்த்துப் பாடவேண்டும். நீங்கள் கொழுந்து எடுக்கப் போனபின் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா பாடட்டும். உங்கள் பாட்டை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஆறு மாதமாகியும் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, காதில் சீழ் வடியும் பிள்ளை இருந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள். கிளினிக் நாள் வரட்டும் என்றும் இருக்காதீர்கள். உடனே மருத்துவ மாதுவிடம் காட்டுங்கள். அன்றைக்குப் பேர் போய்விடுமே என்று பயந்தால் எங்களிடம் வாங்க, துரையிடம் நாங்கள் பேசுகிறோம்.