புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை

புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி நடந்து, நகரை இரு கூறாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலைக் கடந்ததும், பிரெஞ்சுக்காரர் குடியிருந்த பகுதி முடிந்து தமிழர் குடியிருந்த பகுதி தொடங்குகிறது. வீதிகள் ஒன்றையொன்று நேர்க்கோணத்தில் வெட்டிச் செல்லும் இந்நகர அமைப்புக்கு, 1693 முதல் 1699 வரை ஊரைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர்களின் வரைபடம் வழிகாட்டியது. அப்பகுதியில், பெரிய மார்க்கெட்டுக்கு அருகில் உள்ள ரங்கப்பிள்ளை வீதியில், அவ்வீதிக்குப் பெயர் தந்தவரின் மாளிகை நிற்கிறது. 1738ஆம் ஆண்டை ஒட்டி எழுந்ததாகக் கூறப்படும் அந்த வீடு, பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் வணிகர் ஒருவரின் வாழ்வைக் கட்டட வடிவிலேயே காட்டுகிறது.

1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, தந்தை திருவேங்கடம் பிள்ளையுடன் இளமையிலேயே புதுச்சேரிக்கு வந்தார். தந்தையின் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக் கம்பெனியின் துணி வணிகத்தைப் பொறுப்பேற்று நடத்திய அவர், ஆளுநர் டூப்ளேயின் காலத்தில் தலைமைத் துபாஷ் ஆனார். துபாஷ் என்பவர் இரு மொழி அறிந்து, கம்பெனிக்கும் உள்நாட்டு வணிகர்களுக்கும் அரசர்களுக்கும் இடையே பேச்சையும் கொடுக்கல் வாங்கலையும் நடத்தியவர். பிள்ளை அப்பதவிக்கு வருவதற்குச் சுமார் பத்தாண்டுகள் முன்பே மாளிகை எழுந்துவிட்டதால், அதைப் பதவி தந்த செல்வத்தின் சின்னமாகக் கொள்வதைவிட, வணிகத்தால் ஏற்கெனவே வேரூன்றிய ஒரு குடும்பத்தின் இருப்பிடமாகக் கொள்வதே பொருத்தம்.

மாளிகையின் கீழ்த்தளமும் மேல்தளமும் இரு வேறு கட்டட மரபுகளைச் சேர்ந்தவை. கீழே, வேலைப்பாடு மிக்க மரத்தூண்கள் கூரையைத் தாங்க, தமிழ் வீட்டு முறை முழுமையாக நிலவுகிறது. மேலே, சுண்ணாம்புச் சாந்து பூசிய வெண்ணிறக் கட்டுமானத் தூண்கள் வரிசையாக நிற்க, பிரெஞ்சு மாளிகைகளின் முறை தலைகாட்டுகிறது. இந்தக் கலப்பு பிற்காலத்தில் புதுச்சேரித் தமிழ்ப் பகுதியின் பல வீடுகளில் பரவி, அந்நகரத்துக்கே உரிய தனிப் பாணியாயிற்று.

கீழ்த்தள முறையைப் புரிந்துகொள்ள, அப்பகுதியின் மரபு வீடு ஒன்றை வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு செல்வது உதவும். வீதியை ஒட்டி, மரத்தூண்கள்மேல் சரிவாக இறங்கும் கூரையுடன் தாழ்வாரம் அமைந்து, வழிப்போக்கருக்கும் நிழல் தருகிறது. அதையடுத்து, முன்சுவரை ஒட்டிக் கட்டப்பட்ட மேடையான திண்ணையில் வந்தவர் அமர்ந்து பேச, வீட்டாரின் அந்தரங்கம் குலையாமல் கணக்கு வழக்குகள் முடிகின்றன. சிற்ப வேலை செய்த தலைவாசல் கதவைக் கடந்தால், வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றிய நடையும் வருகின்றன. வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேறுவதால், கடற்கரை ஊரின் புழுக்கத்திலும் சுற்றியுள்ள அறைகள் ஓரளவு குளிர்ந்திருக்கின்றன. வெளியாருக்கும் உறவினருக்கும் வீட்டாருக்கும் உரிய இடங்களைப் படிப்படியாகப் பிரித்து வைக்கும் இந்த ஒழுங்கை, ஐரோப்பியருடன் நாள்தோறும் பழகிய துபாஷின் குடும்பமும் கைவிடவில்லை. ஆகவே மேல்தளத்துத் தூண்களை அந்நிய மோகம் என்று ஒதுக்குவது சரியன்று. தன் வீட்டு முறையில் உறுதியாக நின்றவர் பிறர் கலையில் பிடித்ததை ஏற்றுக்கொண்டார் என்பதே நியாயமான தீர்ப்பு.

அக்காலத்து வீடுகளில் இரு தளங்களுக்கு இடையிலும் மேலேயும் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தட்டைத் தளம் இடப்பட்டது. தேக்கு உத்திரங்களின்மேல் மரச்சட்டங்களைப் பரப்பி, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாகவும் மூலைவாட்டிலும் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் பலநாள் அடித்து இறுக்கி, ஓடு பதித்து முடிப்பார்கள். சிமெண்டும் இரும்புக் கம்பியும் இல்லாத அத்தளம், மழைநீர் ஒழுகாமல் பராமரிக்கப்பட்டால் நூற்றாண்டுகள் நீடிக்கும். பராமரிப்பு தவறினாலோ உத்திரம் உளுத்து வீடே சரியும்.

கட்டடத்தின் பெருமைக்கு இணையானது, அதற்கு உரியவர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு. கப்பல்கள் வந்து சேர்ந்ததும், சரக்கின் விலையும், டூப்ளேயுடன் நடந்த உரையாடலும், வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்ட 1748ஆம் ஆண்டின் கொந்தளிப்பும் அதில் பதிவாகியுள்ளன. புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தபோதே, 1761 ஜனவரியில், ஊர் சரணடைவதற்குச் சில நாட்கள் முன் அவர் காலமானார். அதன்பின் வெற்றி பெற்றவர்கள் நகரைத் தகர்த்தனர். அந்த அழிவுக்கு முந்தியவற்றுள் இன்று எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றுள் இம்மாளிகையும் ஒன்று. நாட்குறிப்பு 1846ஆம் ஆண்டளவில் கலுவா மோம்பிரான் என்பவரின் முயற்சியால் வெளிச்சத்துக்கு வந்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியானது.

இம்மாளிகைக்கு வாய்த்த நல்லூழ் தமிழ்ப் பகுதியின் வேறு பல பழைய வீடுகளுக்கு வாய்க்கவில்லை. பாகப்பிரிவினையும் மனை விலையும் அவற்றை இடித்து அடுக்குமாடிகளை எழுப்பச் செய்தன. ஆயினும் வைசியாள் வீதியில் இன்டாக் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு மேற்கொண்ட சீரமைப்பு, வீட்டு முகப்புகளை மீட்டு வீதியின் பழைய தோற்றத்தை நிலைநாட்டி, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுப் பாராட்டைப் பெற்றது. புதுச்சேரிக்குச் செல்லும் நேயர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் வாய்க்காலைக் கடந்து தமிழ்ப் பகுதியின் வீதிகளையும் பார்க்க வேண்டும். பழைய வீடு உடையவர்கள் இடிப்பதற்கு முன் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரையும் மரவேலைத் தச்சரையும் அழைத்து ஒருமுறை காட்ட வேண்டும்.